மாட்டுக்கு 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' ரத்த டெஸ்ட்: 10,800 ரூவா அழுதுட்டு எழுதற ரிவ்யூ, 5க்கு 2 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேங்க, நான் டாக்டரும் இல்ல சயின்டிஸ்டும் இல்ல, கோபி பக்கம் 11 உருப்படி வச்சு சொசைட்டிக்கு பால் ஊத்தற ஆளு. கம்பெனி பேரு போடல, போடவும் மாட்டேன், ஏன்னா என் சண்டை அந்த ஒரு கம்பெனியோட மட்டும் இல்ல, இந்த டெஸ்டு பூராத்தோடயும்தான். கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டு வச்சுட்டு படிங்க.

சித்திரையில ஒரே வாரத்துல ரெண்டு மாடு கன்னு போட்டுச்சு. செவலை ஒண்ணு, ஜெர்சி கிராஸ், மூணாவது ஈத்து. இன்னொன்னு கருப்பி, எச்எஃப் கிராஸ். ரெண்டுக்குமே நஞ்சுக்கொடி விழல, மறுநாள் பொழுதோட வரைக்கும் தொங்கிட்டு கெடந்துச்சு, டாக்டரம்மா வந்து ஊசி மாத்திரை எல்லாம் குடுத்து ஒரு வழியா சரியாச்சு. பத்தாம் நாள் செவலைக்கு மடிநோய். பால் கறந்தா கட்டி கட்டியா வருது, சொசைட்டியில பாலை ஓரமா வெய்யினு சொல்லிட்டாங்க. அன்னிக்கு தீவனக்கடையில புலம்பிட்டு நின்னப்ப அங்க வந்திருந்த ஒரு ரெப்பு தம்பி சொன்னாரு, அண்ணா இது ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ண்ணா, கன்னு போடற நேரத்துல எல்லா மாட்டுக்கும் வரும், ரத்தம் எடுத்து பாத்தா புட்டு புட்டு வச்சுரும்னு. வழவழனு ஒரு நோட்டீசும் குடுத்தாரு, மாடு சிரிக்கற மாதிரி போட்டோ போட்டு.

தம்பி சொன்னது பூரா பொய்யும் இல்லீங்க, அதான் இதுல வில்லங்கமே. அடுப்பு எரிஞ்சா பொறி பறக்கும்ல, அது மாதிரி உடம்புல தீவனம் எரியறப்பவும் கொஞ்சம் பொறி பறக்கும், அந்தப் பொறிய அணைக்கறதுக்கு உடம்பே ஆள் வச்சிருக்கு, வைட்டமின் ஈ, செலீனியம் சேர்ந்த நொதி இந்த மாதிரி. பொறி ஜாஸ்தியாகி அணைக்கற ஆள் கம்மியாச்சுன்னா அதுதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ஹெல்முட் சீஸ்னு ஒரு ஜெர்மன்காரரு 1985ல இந்தப் பேச்சுக்கு ஒரு உருவம் குடுத்தாரு. கன்னு போடற சமயத்துல மாடு திங்கறது குறையும், பால் திடீர்னு பெருகும், உடம்புக் கொழுப்பு கரையும், இருக்கற வைட்டமின் ஈயில ஒரு பங்கு சீம்பாலுக்கும் போயிரும், அதனால அந்த நேரத்துல பேலன்ஸ் சாயறது நெசந்தான். கொடி விழாததுக்கும் மடிநோய்க்கும் செலீனியம், வைட்டமின் ஈ பத்தாக்குறை ஒரு காரணம்னு உலகம் பூரா ஒத்துக்கறாங்க. ஓஹையோவுல 1984ல வெளியான ஆராய்ச்சியில வத்தக்கறவை மாட்டுக்கு (கன்னு போடறதுக்கு முன்னாடி பால் வத்தி நிக்கற மாடு) வைட்டமின் ஈ குடுத்ததுல கண்ணுக்குத் தெரியற மடிநோய் 37 சதவீதம் கொறஞ்சிருக்கு. ஆக நோய் இருக்கு, காரணமும் இருக்கு. ஒரு ரத்த டியூபுல அதை அளக்க முடியுமாங்கறதுதான் கேள்வி.

சரி, பேக்கேஜுக்கு வர்றேன். ஒரு மாட்டுக்கு 1,800 ரூவா, ஆறு டெஸ்டு. எம்டிஏ, டி-ராம்ஸ், டிஏசி, எஸ்ஓடி, குளுட்டாதயோன் பெராக்சிடேஸ், வைட்டமின் ஈ. நாலு மாட்டுக்கு எடுத்தேன், 7,200. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பாங்க, அஞ்சு நாள்ல வாட்ஸப்புல ரிப்போர்ட்டு, அதுவும் தமிழ்ல. போன் போட்டா எடுத்து மரியாதையா பேசறாங்க. இதுக்கெல்லாம் ஃபுல் மார்க், குத்தமே சொல்ல மாட்டேன்.

ரத்தம் எடுக்க வந்த பையன் நல்ல பையன், ஆனா காலையில 9 மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்தது உச்சி வெயில் 1 மணிக்கு. பைக் பின்னாடி தெர்மாகோல் டப்பா. தெறந்து பாத்தா முன்னாடியே அஞ்சாறு தோட்டத்துல எடுத்த டியூபு குலுங்கிட்டு கெடக்கு, ஐஸ் ஜெல்லு பாக்கெட்டு ஒண்ணே ஒண்ணு, அதுவும் பழசான நுங்கு மாதிரி கொழகொழனு ஆயிருச்சு. செவலை கழுத்துல கை வச்சாலே துள்ளும், மூக்கணாங்கயித்தை நான் புடிக்க, மூணு தடவை குத்தித்தான் நரம்பு கெடச்சுது. சிரிஞ்சுல இழுத்து, ஊசியக் கழட்டாமயே டியூபுக்குள்ள சர்ருனு வேகமா அடிச்சான், அப்பறம் ஊதா மூடி டியூபை அம்மா இருமல் மருந்தை குலுக்கற மாதிரி ஒரு குலுக்கு. அப்ப எனக்கு எதுவும் தோணல. நாலு மாட்டுக்கும் முடிச்சுட்டு இன்னும் ரெண்டு தோட்டம் பாக்கி இருக்குதுண்ணா, ராத்திரி பஸ்ஸுல பார்சல் போட்டுருவோம்னு சொல்லிட்டு கெளம்பிட்டான். மோர் குடுத்தேன், குடிச்சுட்டு போனான் பாவம்.

ரிப்போர்ட்டு வந்துச்சு. பாத்தா பரிட்சையில ஃபெயில் ஆன மாதிரி செவப்பு அம்புக்குறி. நாலு மாட்டுக்கும் எம்டிஏ 'மிக அதிகம்'. டிஏசி 'குறைவு'. ஆனா டி-ராம்ஸ் மட்டும் நாலுக்கும் 'மிகச் சிறப்பு'னு பச்சை! ஒரே மாடு, ஒரே நாளு, ஒரு டெஸ்டு வீடு பத்தி எரியுதுங்குது, இன்னொன்னு இந்த வீட்ல அடுப்பே பத்த வைக்கலங்குது. கடைசிப் பக்கத்துல 'பரிந்துரை'னு போட்டு அவங்க கம்பெனி ஆன்டிஆக்சிடன்ட் பவுடர், கிலோ 1,450, ஒரு மாட்டுக்கு ஒரு மாசத்துக்கு ரெண்டு கிலோ. டெஸ்ட்டு பண்றவனே மருந்தும் விக்கறான்னா அப்பவே நான் உஷாராயிருக்கோணும். ஆகல, ஒரு கிலோ டப்பா வாங்கிட்டேன். வைங்க, அதுக்கு அப்பறம் வர்றேன்.

என் சம்சாரத்தோட அண்ணன் ஈரோட்டுல ஆஸ்பத்திரி லேப்புல டெக்னீசியன், இருவது வருச சர்வீஸு. ஞாயித்துக்கெழமை ஒரம்பரையா வந்தவர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டுனேன். ரெண்டு நிமிசம் பாத்துட்டு, "மாப்ள, டியூபு என்ன கலர்ல இருந்துச்சு?"ன்னாரு.

"ரத்தம் செவப்பாத்தானே மச்சா இருக்கும்?"

"அது இல்ல மாப்ள. ரத்தம் உறைஞ்ச பின்னாடி மேல தெளிவா தண்ணி நிக்கும்ல, சீரம், அது எலந்தேன் கலர்ல இருக்கோணும். ரோஸ் கலர் அடிச்சுதுன்னா ரத்த செல்லு ஒடைஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஒடைஞ்ச ரத்தத்துல இந்த டெஸ்டெல்லாம் எடுத்தா மாட்டை அளக்கல, பையன் ஊசி போட்ட லட்சணத்தைத்தான் அளந்திருக்கு."

ரிப்போர்ட்டு அடியில சின்ன எழுத்துல 'சாம்பிளில் லேசான ஹீமோலிசிஸ்'னு, அதாவது ரத்த செல்லு ஒடைஞ்சிருக்குன்னு, போட்டே இருந்துச்சுங்க! நாலு மாட்டுல மூணுக்கு. நான் செவப்பு அம்பை மட்டும்தான் பாத்திருக்கேன். அப்பறம் மச்சான் ஒவ்வொரு டெஸ்ட்டா பிரிச்சு சொல்ல சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது. அதை என் பாஷையில சொல்றேன்.

எம்டிஏங்கறது கொழுப்பு ஆக்சிஜன் பட்டு கெட்டுப் போறப்ப வர்ற ஒரு சாமான், எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதுல்ல, அந்த ஜாதி. அதை அளக்கறதுக்கு பெரும்பாலான லேப்புல தையோபார்பிட்யூரிக் ஆசிட்டுன்னு ஒண்ணை ஊத்தி 95 டிகிரியில கொதிக்க வைக்கறாங்க, ரோஸ் கலர் வரும், அந்தக் கலரை 532 நானோமீட்டர் ஒளியில பாப்பாங்க. இதுல மூணு ஓட்டை. அந்த ஆசிட்டு எம்டிஏவோட மட்டும் சேராது, வேற ஆல்டிஹைடு, சில சர்க்கரை, பிலிருபின் எல்லாத்தோடயும் உறவு கொண்டாடும். ரெண்டாவது, கொதிக்க வைக்கறப்பவே டியூபுல இருக்கற கொழுப்பு கெட்டு புதுசா எம்டிஏ உண்டாகும். மூணாவது, செல்லு ஒடைஞ்சு ஹீமோகுளோபின் கலந்துச்சுன்னா அதுல இருக்கற இரும்பு கொழுப்பை இன்னும் வேகமா கெடுக்கும், அது போக ஹீமோகுளோபினும் கிட்டத்தட்ட அதே ஒளியத்தான் உறிஞ்சும். ஆக கலர் ஏறும், அம்பு செவப்பாகும். உச்சி வெயில்ல பைக்குல ஊர் சுத்துன டியூபு எம்டிஏ அதிகம்னு காட்டாம என்ன காட்டும்?

இதுக்காக எம்டிஏவே குப்பைனு சொல்லீரக் கூடாது. அமெரிக்க அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் சுகாதார நிறுவனம் ஒரு பெரிய வேலை பண்ணுச்சு, எலிக்கு கார்பன் டெட்ராகுளோரைடு விஷம் குடுத்து வேணும்னே ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸ உண்டாக்கி, எந்த ரத்த டெஸ்டு, எந்த மூத்திர டெஸ்டு அதை ஒழுங்கா காட்டுதுன்னு வரிசையா போட்டிக்கு விட்டாங்க. அதுல நல்லா தேறுனது ஐசோபுரோஸ்டேன்னு ஒண்ணு, ஒழுங்கான மெஷின்ல அளந்தா எம்டிஏவும் தேறுச்சு. ஆனா ஐசோபுரோஸ்டேனை அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும், ரத்தத்தை ஒடனே குளுர வச்சு பாதுகாக்கோணும், இல்லாட்டி அதுவும் டியூபுக்குள்ளயே பெருகீரும். 1,800 ரூவா பேக்கேஜுல அது வராது, வர்றதுக்கு நியாயமும் இல்ல.

அந்த பச்சை அம்பு கதை இன்னும் தமாஷ். டி-ராம்ஸ்ங்கறது பொறி பட்டு கெட்ட சாமான் ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்கற, இத்தாலியில வந்த டெஸ்டு, கண்டுபுடிச்சவரு பேர்லயே கர்ராட்டெல்லி யூனிட்டுனு அளவு. மனுசனுக்கு 250லருந்து 300 வரைக்கும் நார்மல். மாட்டுக்கு சாதாரணமாவே அதைவிட நல்லா கம்மியாத்தான் வரும். என் நாலு மாட்டுக்கும் 90க்கும் 130க்கும் நடுவுல வந்திருக்கு. ரிப்போர்ட்டுல ரெஃபரன்ஸ் ரேஞ்சுனு பக்கத்துல என்ன போட்டிருக்கான்னு பாத்தா 250 – 300! மனுசனோட ரேஞ்சை அப்படியே ஒட்டி வச்சுட்டு 'மிகச் சிறப்பு'ங்கறான். என் மாட்டை ஆளுக்கு பதிலா நிக்க வச்சிருந்தா ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருப்பான் போல. அதுவும் போக இந்த டெஸ்டுல ஒரு சண்டை ரொம்ப நாளா நடக்குது, ரத்தத்துல செருலோபிளாஸ்மின்னு காப்பர் சேர்ந்த ஒரு புரதம் இருக்கு, அது இந்த டெஸ்டோட ரசாயனத்துல தானா பூந்து கலரை ஏத்திவிடும்னு நெறைய பேர் காட்டியிருக்காங்க. உடம்புல எங்க வீக்கம் அழற்சி இருந்தாலும் அந்தப் புரதம் ஏறும். மடிநோய் இருக்கற மாட்டுக்கு டி-ராம்ஸ் ஏறுச்சுன்னா அது ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸா, இல்ல வெறும் மடிவீக்கமான்னு யாரு சொல்றது? மடி வீங்கியிருக்கறது எனக்கு கண்ணுலயே தெரியுதேங்க. இன்னொன்னு, ஊதா மூடி டியூபுல ரத்தம் உறையாம இருக்க போடற இடிடிஏங்கற மருந்து இரும்பைப் புடிச்சு வச்சுக்கும், இந்த டெஸ்டு ஓடறதே இரும்பை வச்சு, அதனால இதை சீரத்துலயோ, ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி டியூபுலயோதான் பாக்கோணும். என்னோடது எதுல பாத்தாங்கன்னு போன்ல கேட்டேன். "சார் லேப்ல கேட்டு சொல்றோம்"னாங்க. இன்னும் கேட்டுட்டு இருக்காங்க.

டிஏசி, அதாவது மொத்த ஆன்டிஆக்சிடன்ட் சக்தி. பேரைக் கேட்டா பெருசா இருக்குல்ல? 1996ல ஹாங்காங்குல இருந்து வந்த ஒரு முறை இதுல ரொம்ப பிரபலம், ரத்தம் இரும்பை எவ்வளவு மாத்துதுன்னு பாக்கறது. மனுச ரத்தத்துல அந்த நம்பர்ல பாதிக்கு மேல யூரிக் ஆசிட்டுதான் தூக்கிட்டு நிக்குது. மாட்டு உடம்புல யூரிக் ஆசிட்ட அலன்டாயினா மாத்திரும், அதனால மாட்டு ரத்தத்துல அது கம்மி. மாட்டுக்கு அந்த நம்பர் எதைச் சொல்லுதுன்னு கேட்டா நாலு பேரு நாலு விதமா சொல்வாங்க. பொறி அணைக்கற நொதி எதையும் இது கணக்குல எடுக்காது. சாப்பாட்டுப் பொருளுக்கு இதே மாதிரி ஓஆர்ஏசினு ஒரு நம்பர் போட்டு அமெரிக்க விவசாயத்துறை பட்டியல் வச்சிருந்துச்சு, அந்த நம்பருக்கும் உடம்புக்கும் சம்பந்தமில்ல, கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு ஓட்டறான்னு சொல்லி 2012ல பட்டியலையே தூக்கிட்டாங்க. எஸ்ஓடி பத்தி ஒரே வரி: அதுவும் பொறி அணைக்கற ஒரு நொதிதான், ரத்த செல்லுக்குள்ள இருக்கற சரக்கு, செல்லு ஒடைஞ்சா சீரத்துல கொட்டும், ஒடைஞ்ச டியூபுல சீரம் எஸ்ஓடி பாக்கறது ஓட்டைக் குடத்துல தண்ணி அளக்கறதுதான்.

இப்ப நல்லதுக்கு வர்றேன், ஏன்னா ரெண்டு ஸ்டார் சும்மா குடுக்கல. குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் உருப்படியான டெஸ்டு. 1957ல கண்டுபுடிச்ச நொதி, அதுக்குள்ள செலீனியம் இருக்குன்னு 1973ல தெரிஞ்சுது. மாட்டுல ரத்த செல்லுக்குள்ள இருக்கற இந்த நொதிய அளந்தா மாட்டுக்கு செலீனியம் பத்துதா பத்தலயான்னு கிட்டத்தட்ட சொல்லிரலாம். இதை முழு ரத்தத்துலயே பாக்கறதால லேசா செல்லு ஒடைஞ்சாலும் பெருசா கெட்டுப் போகாது. ஆனா மாட்டோட ரத்த செல்லு நாலஞ்சு மாசம் உசுரோட இருக்கும், நொதிய அது பொறக்கறப்பவே கட்டிக்கிட்டு வந்துருது, அதனால இந்த நம்பர் இன்னிக்கு நிலவரம் இல்ல, மாசிக்கு முன்னாடி என்ன தீவனம் போட்டோங்கற பழைய கணக்கு. நேத்து செலீனியம் ஊசி போட்டுட்டு நாளைக்கு டெஸ்டு எடுத்தா ஒண்ணும் தெரியாது. வைட்டமின் ஈயும் நல்ல டெஸ்டுதான், எச்பிஎல்சி மெஷின்ல பாத்தா. டியூபை வெளிச்சம் படாம காகிதம் சுத்தி வைக்கோணும். கன்னு போடறதை ஒட்டி அது தானா எறங்கும், அது கொழுப்போட சேர்ந்து ரத்தத்துல சுத்தற சாமான்ங்கறதால கொலஸ்ட்ரால் எறங்குனா அதுவும் கூடவே எறங்கும். அதனால கன்னு போட்டு எத்தனை நாள்னு போடாம, கொலஸ்ட்ரால் பாக்காம, 'குறைவு'னு மட்டும் போட்டா அது பாதி உண்மை. என் ரிப்போர்ட்டுல நாள் கேட்டு ஒரு கட்டம்கூட இல்ல. எட்டு மாசம் சினையா இருக்கற மாட்டுக்கும் பத்து நாள் முன்னாடி ஈன மாட்டுக்கும் ஒரே ரேஞ்சு.

மச்சான் சொன்னதை நம்பாம இல்ல, ஆனா நம்ம கண்ணால பாத்துரலாம்னு ஒரு வேலை பண்ணோம். டாக்டரம்மாகிட்ட கெஞ்சி செவலையோட கழுத்துல ஒரே குத்துல ரத்தம் எடுத்து ரெண்டு செட்டு டியூபுல மெதுவா ஓரமா வழிய விட்டோம். ஒரு செட்டுக்கு 'செவலை', இன்னொன்னுக்கு 'ராணி'னு பேரு. ராணிங்கறது எங்க பக்கத்து தோட்டத்து நாயி. செவலை செட்டை முக்கா மணி நேரம் நேரா நிக்க வச்சு உறைய விட்டு, மச்சான் அவருக்கு தெரிஞ்ச பக்கத்து லேப்புல சுத்தி சீரம் பிரிச்சு நெறைய ஐஸுல வச்சுட்டாரு (மனுசங்க லேப்புல மாட்டு ரத்தம் சுத்துனதை வெளிய சொல்லிராதீங்க). ராணி செட்டை கம்பெனிப் பையன் பண்ண மாதிரியே தெர்மாகோல் டப்பாவுல போட்டு பைக்குல கட்டி நாலு மணி நேரம் சத்தி ரோட்டுல என் மவன் ஓட்டிட்டு வந்தான், அவனுக்கு ஒரே குஷி. அப்பறம் ரெண்டையும் அவங்க கலெக்ஷன் சென்டர்லயே குடுத்து பணம் கட்டுனேன், 3,600.

ரிசல்ட்டு: எம்டிஏ செவலைக்கு 2.3, ராணிக்கு 4.9. ரெட்டிப்புக்கு மேல! டிஏசியும் எங்கயோ எங்கயோ. எஸ்ஓடி சொல்லவே வேண்டாம். வைட்டமின் ஈ 2.4க்கும் 2.1க்கும். குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் மட்டும் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்து பக்கத்துல நின்னுச்சு. செவலைக்கு 'பரவாயில்லை'னு ரிப்போர்ட்டு, ராணிக்கு 'உடனடி கவனம் தேவை', பவுடர் ரெண்டு கிலோ. இது ஆராய்ச்சி இல்லீங்க, ஒரு மாடு ரெண்டு டியூபு, நாளைக்கு நீங்க பண்ணா வேற வரலாம். ஆனா ஒரே மாட்டோட ஒரே நிமிச ரத்தம் ரோட்டுல போன வழியப் பொறுத்து நோயாளியாகவும் ஆரோக்கியமாவும் மாறுதுன்னா நான் எதை நம்பி 1,450க்கு பவுடர் வாங்கறது?

பவுடர் பத்தியும் சொல்லியாகோணும். ஆன்டிஆக்சிடன்ட் தானே, அதிகமா போட்டா என்ன கெட்டுப் போகப் போகுதுன்னு நானும்தான் நெனச்சேன். நெதர்லாந்துல அஞ்சு பண்ணையில 296 மாட்டை வச்சு ஒரு டிரையல் நடத்தி 2010ல போட்டாங்க, வத்துக்காலத்துல தெனம் 3,000 யூனிட்டு வைட்டமின் ஈ குடுத்த மாட்டுக்கு மடிநோய் கொறையல, ஏறியிருக்கு! ஏற்கனவே பத்தற அளவு இருக்கற மாட்டுக்கு மேல மேல கொட்டுனா திரும்பி அடிக்குது. செலீனியம் இன்னும் மோசம், வேணுங்கற அளவுக்கும் விஷத்துக்கும் நடுவுல இடைவெளி கம்மி. காஞ்ச தீவனத்துல கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் போதும்னு கணக்கு. பஞ்சாப்புல ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கம் மண்ணுலயே செலீனியம் ஜாஸ்தி, அங்க மாட்டுக்கு குளம்பு கழண்டு, வாலுல முடி கொட்டி படாதபாடு பட்டிருக்கு. நம்பாத டெஸ்டைப் பாத்து பத்தாக்குறைனு முடிவு பண்ணி செலீனியம் கொட்டுனா என்னாகும்னு அங்க போய்ப் பாத்தா தெரியும். என் டப்பா சீல் ஒடைக்காம தீவன ரூம்பு பரண் மேல கெடக்கு, திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க.

அப்ப இந்த டெஸ்டு யாருக்குமே ஆகாதான்னா, அப்படி இல்ல. 100, 200 மாடு வச்சிருக்கற பெரிய பண்ணைக்காரரு, ஈனப்போற மாட்டுல ஏழெட்டு, ஈன மாட்டுல ஏழெட்டுன்னு ஒரே நாள்ல, ஒரே மாதிரி எடுத்து, ஐஸுல வச்சு, குளுட்டாதயோன் பெராக்சிடேஸும் வைட்டமின் ஈயும் மட்டும் பாத்தா மந்தைக்கு என்ன கொறையுதுன்னு ஒரு அளவுக்கு தெரியும். தனி ஒரு மாட்டுக்கு எடுத்து அம்புக்குறி பாத்து மருந்து குடுக்கறது வேண்டாத வேலை. அதுக்கும் மேல எடுத்துதான் ஆகோணும்னா ரத்தம் எடுக்க வர்றவன்கிட்ட ஐஸ் இருக்கான்னு டப்பாவைத் தெறந்து பாருங்க, எத்தனை மணி நேரத்துல சீரம் பிரிப்பாங்கன்னு கேளுங்க, ரெஃபரன்ஸ் ரேஞ்சு மாட்டோடதா மனுசனோடதான்னு கேளுங்க. ரிப்போர்ட்டுல 'ஹீமோலிசிஸ்'னு இருந்தா காசு கட்டாதீங்க, மறுபடி எடுக்கச் சொல்லுங்க.

செவலை, கருப்பி கதை கடைசியில எப்படி தெளிஞ்சுதுன்னா டாக்டரம்மா ரிப்போர்ட்டை வாங்கி ஒரு பக்கமா வச்சுட்டு கேட்ட முதல் கேள்வி, தையிலருந்து என்ன போட்டீங்கன்னு. போர்ல தண்ணி இல்ல, கோ-4 தீவனப்புல்லு காஞ்சு போச்சு, நாலு மாசமா வெறும் சோளத்தட்டும் புண்ணாக்கும்தான். பச்சைப்புல்லுல வைட்டமின் ஈ தாராளமா இருக்கும், வெயில்ல காஞ்ச தட்டுல முக்காவாசி போயிருக்கும். "இதுக்கு ரத்த டெஸ்டு எதுக்குங்க, உங்க தட்டுப்போரைப் பாத்தாலே தெரியுதே"ன்னாங்க. தாது உப்பு கலவையும் ரெண்டு மாசமா நிறுத்தி வச்சிருந்தேன், வெலை ஏறிப்போச்சேன்னு. மடிநோய்க்கு நாலு கிண்ணம் இருக்கற சிஎம்டி தட்டும் அந்த ஊதா தண்ணியும் வாங்கச் சொன்னாங்க, இப்ப வாரம் ஒருக்கா கறக்கறப்பவே நாலு காம்புலயும் பாத்துக்கறேன், கொழகொழனு ஆச்சுன்னா அன்னிக்கே தெரிஞ்சுருது. கட்டுத்தறைக்கு ரெண்டு ஃபேனும் போட்டாச்சு. இதெல்லாம் சேத்தும் அந்த 10,800ல மிச்சம் இருந்திருக்கும்.

ரேட்டிங் பிரிச்சு சொல்லோணும்னா போன்ல பேசற விதத்துக்கும் தமிழ் ரிப்போர்ட்டுக்கும் ஒண்ணு, குளுட்டாதயோன் பெராக்சிடேஸுக்கு ஒண்ணு. போன வாரம் அதே பையன் கூப்பிட்டான், ஆறு மாச பேக்கேஜு 20 பர்சன்ட்டு ஆஃபருங்கண்ணா, ராணி மாடு இப்ப எப்படி இருக்குதுங்கன்னு. நல்லா கொரைக்குது தம்பின்னேன்.